நூறு வாட்டில் தங்க வேட்டை: பழைய கதைகளை ரேடியோவில் வாசித்த அனுபவம்

எங்கள் ஊர் வானொலி நிலையத்தின் சக்தி நூறு வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிய ஆகிற மின்சாரம், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2000-இல் குறைசக்தி எஃப்எம் என்று தனியாக ஓர் உரிமப் பிரிவைத் தொடங்கினார்கள். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மட்டும் கொடுப்பார்கள். முப்பது மீட்டர் உயர ஆண்டெனாவில் நூறு வாட் வைத்தால் ஐந்தரைக் கிலோமீட்டர் தூரம் வரை நன்றாக எட்டும் என்பது கணக்கு. நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலையடிவாரத்தில், கிராஸ் வேலிக்குப் பக்கம். இங்கே ஒரு மேடு குறுக்கே வந்தால் போதும், அந்தப் பக்கத்து வீட்டில் நாங்கள் கேட்க மாட்டோம். ஆக எங்கள் நேயர்கள் யார் என்றால், ஊருக்குள் சமையலறையில் ரேடியோ வைத்திருக்கும் வயதானவர்கள், அப்புறம் 49-ஆம் எண் நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள். 1849-இல் தங்கம் தேடி வந்து குவிந்தவர்களின் நினைவாகத்தான் அந்தச் சாலைக்கே அந்த எண்.

ஞாயிறு இரவு அரை மணி நேரம் காலியாகக் கிடந்தது. நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மையார், "இந்த ஊர்க் கதைகளை இந்த ஊர் ரேடியோவில் யாரும் படிப்பதில்லையே, நீங்கள் படியுங்களேன்" என்றார். நான் பிறந்தது வேறு ஊர், என் ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "தங்கம் தேடி வந்தவர்களும் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்தான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சரி என்று உட்கார்ந்தேன்.

இதைச் செய்ய நினைக்கும் யாருக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்: வேலையில் முக்கால்வாசி மேஜையில், பென்சிலோடு முடிந்துவிடும். மைக்கைப் பற்றி எல்லாரும் நிறையக் கேட்கிறார்கள். மைக்கைப் பற்றிப் பின்னால் வருகிறேன். கண்ணுக்காக எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையைக் காதுக்குக் கொண்டுவருவதுதான் இதில் உள்ள பெரிய வேலை.

எதை வாசிப்பது என்ற கேள்வி முதலில் எளிதாகத்தான் தெரிந்தது. அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் காலத்தில் அச்சானவற்றுக்குப் பதிப்புரிமை அச்சான ஆண்டிலிருந்து அதிகபட்சம் 95 ஆண்டு. ஆகவே தங்க வேட்டைக் காலத்து எழுத்து எதற்கும் இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அண்மைக்காலப் பதிப்புகளில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருக்குச் சொந்தம். அதனால் நான் எப்போதும் பழைய அச்சுப் பிரதியின் ஸ்கேனிலிருந்துதான் எடுப்பேன். பழைய எழுத்துருவில் படிக்கக் கண் வலிக்கும். ஆனால் பிற்காலத்தில் யாரோ திருத்திய நிறுத்தக்குறிகள் அதில் இருக்காது, வாசிப்பவனுக்கு அது பெரிய விஷயம்.

எல்லாரும் முதலில் கை நீட்டுவது பிரெட் ஹார்ட்டின் கதைகளுக்கு. சுரங்க முகாமில் பிறந்து தாயை இழந்த குழந்தையை முரட்டு ஆண்கள் கூடி வளர்க்கும் கதை, 1868 ஆகஸ்டில், அவரே ஆசிரியராக இருந்த 'ஓவர்லேண்ட் மன்த்லி'யில் வந்தது. கண்ணால் படிக்க இன்றும் நன்றாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் தகராறு. அவருடைய நையாண்டி முழுக்கச் சொல் தேர்வில் இருக்கிறது: மட்டமான ஒரு விஷயத்தைப் பெரிய மனிதர் பேசுகிற மாதிரி பெரிய சொற்களில் சொல்வார். கண் அந்தச் சொல்லில் ஒரு நொடி நின்று சிரிக்கும். காது நிற்காது, அடுத்த சொல் வந்து தள்ளிவிடும். காதுக்கும் அந்த நொடியைக் கொடுக்க வேண்டும் என்றால் அந்த இடங்களில் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் கதை ஊர ஆரம்பிக்கிறது. நான் அவருடைய கதையை ஒரு முறை வாசித்தேன், சுமாராக வந்தது, அதோடு விட்டேன்.

மார்க் ட்வைனின் தவளைக் கதை நேர் எதிர். 1865 நவம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த கதை அது. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில், குளிர்காலத்தில், ஏஞ்சல்ஸ் கேம்ப் என்ற சுரங்க ஊரின் மதுக்கடையில் யாரோ சொல்லத்தான் ட்வைன் அதைக் கேட்டார். காதால் கேட்டதை எழுதியிருப்பதால் திரும்பக் காதுக்கே போவதற்குத் தயங்காது. அதை வாசிக்க ஒரே விதிதான்: கதைக்குள் கதை சொல்கிற கிழவருக்குத் தான் சொல்வது வேடிக்கை என்றே தெரியாது. குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தாலும் கதை செத்துவிடும். பந்தயத்தில் குதிக்க முடியாதபடி தவளையின் வயிற்றில் ஈயக் குண்டுகளை நிரப்பும் இடத்தைக் கரண்ட் பில் படிக்கும் குரலில் படித்தேன்.

ஆனால் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த உண்மையான புதையல் கதையே இல்லை. கடிதங்கள். லூயிஸ் கிளாப் என்ற பெண்மணி, மருத்துவரான கணவரோடு ஃபெதர் நதிக்கரையில் ரிச் பார், இந்தியன் பார் என்ற முகாம்களில் 1851 செப்டம்பரிலிருந்து 1852 நவம்பர் வரை இருந்தார். அங்கிருந்து தங்கைக்கு எழுதிய 23 கடிதங்கள், 'டேம் ஷர்லி' என்ற புனைபெயரில் 1854–55-இல் சான் பிரான்சிஸ்கோ மாத இதழ் ஒன்றில் வந்தன. சூதாடிகள் எட்டாயிரம் டாலருக்கு மேல் செலவழித்துப் பலகையும் துணியுமாகக் கட்டிய விடுதி, தூக்குத் தண்டனை, குடித்துவிட்டு வாரக்கணக்கில் நீளும் கிறிஸ்துமஸ், ஆற்றைத் திருப்பிவிட மரத்தால் கட்டிய நீளமான கால்வாய்கள், எல்லாம் இருக்கும். எழுதியது ஒருத்தி, கேட்பது ஒருத்தி. ரேடியோவும் அப்படித்தான்: ஆயிரம் பேர் கேட்டாலும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் கேட்கிறார்கள். கதையை வாசிக்கும்போது மேடைக் குரல் தானாக வந்துவிடும். கடிதத்தை அப்படி வாசிக்க முடியாது, வாசித்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். நான் ஆண், எழுதியவர் பெண், அது இடிக்குமோ என்று நினைத்தேன். முதல் கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே அந்த நினைப்புப் போய்விட்டது.

இனி பென்சில் வேலை. பக்கத்தை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, பெரிய எழுத்தில், வரிக்கு வரி நிறைய இடம் விட்டு எடுத்துக்கொள்கிறேன். மூச்சு விட ஒரு சாய்கோடு. முழுதாக நிற்க இரண்டு. அழுத்த வேண்டிய சொல்லுக்குக் கீழே கோடு, அதுவும் ஒரு வாக்கியத்துக்கு ஒன்றுதான். இரண்டு சொல்லை அழுத்தினால் எதுவும் அழுந்தாது. வரி முடிந்தும் வாக்கியம் முடியாத இடத்தில் ஓர் அம்பு, இல்லையென்றால் கண் வரிக் கடைசியில் வந்ததும் குரல் தானாக இறங்கிவிடும்.

ஷர்லி மலையிறங்கி ரிச் பாருக்கு வரும் பகுதியை எடுத்துக்கொள்வோம். அவருடைய வாக்கியம் மலைப்பாதை மாதிரியே வளைந்து வளைந்து இறங்கும். பாதை, பாறை, கோவேறு கழுதை, பயம், அதற்கிடையில் ஒரு சிரிப்பு, அப்புறம்தான் முக்கிய வினைச்சொல். இப்படிப்பட்ட வாக்கியத்தில் நான் முதலில் தேடுவது அந்த வினைச்சொல்லைத்தான். அதைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு முன்னால் வருவதையெல்லாம் குரலைத் தரையில் வைக்காமல் தூக்கிப் பிடித்தபடியே படிக்க வேண்டும், வினைச்சொல்லில்தான் இறக்க வேண்டும். நடுவில் எங்கே மூச்சு வாங்கினாலும் வாக்கியம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். தமிழ் உரைநடையில் வளர்ந்தவனுக்கு இது ஒரு சலுகை என்றுகூடச் சொல்வேன். வினை கடைசியில் வரும் வரை காத்திருப்பது நமக்குப் பழக்கம்தானே.

வெட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒதுக்கியிருப்பது இருபத்தெட்டரை நிமிடம். மணிக்கு ஒரு தரம் நிலையத்தின் அழைப்புக்குறியும் உரிம ஊரின் பெயரும் சொல்ல வேண்டும் என்பது விதி, அதற்குத்தான் மீதி. பழைய உரைநடையை நிமிடத்துக்கு 140 சொல்லுக்கு மேல் படித்தால் கேட்பவர் தொலைந்துபோவார். ஆக நாலாயிரம் சொல்லுக்குள் அடங்க வேண்டும். ஷர்லியின் சில கடிதங்கள் அதைவிட நீளம். லத்தீன் மேற்கோள், புத்தகப் படிப்பைக் காட்டும் உவமை இவை முதலில் போகும். யார் யார் என்ற விவரம் ஒரு சொல்கூடப் போகக் கூடாது. உண்மையில் அதைக் கூட்டத்தான் வேண்டியிருக்கிறது: 'அவர்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பெயரைப் போடுகிறேன். புத்தகத்தில் குழம்பினால் கண் மேலே ஏறிப் பார்த்துக்கொள்ளும். ரேடியோவில் மேலே ஏற வழியில்லை. வெட்டியதையும் பெயர் மாற்றியதையும் நிகழ்ச்சித் தொடக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்.

விளக்கத்தை எங்கே வைப்பது என்பது இன்னொரு சிக்கல். முகாம்களில் தங்கத்தூளே காசு. அரசு விலை அவுன்ஸுக்கு 20 டாலர் 67 சென்ட், ஆனால் முகாமில் பெரும்பாலும் 16 டாலர் கணக்கில்தான் மாற்றுவார்கள். இது தெரியாவிட்டால் கடிதத்தில் வரும் பாதி எண்களுக்கு எடை இருக்காது. நடுவில் நிறுத்தி விளக்கினால் ஓட்டம் கெடும். அதனால் முன்னுரையில், வேறெதையும் சொல்லாமல், இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 1850-இல் கலிபோர்னியா அரசு வெளிநாட்டுச் சுரங்கக்காரர்கள் மேல் மாதம் 20 டாலர் வரி போட்டது என்று பின்னால் ஒரு நாள் வாசித்தபோது, ஓர் அவுன்ஸுக்கு மேல் போகிறதே என்று கேட்பவரே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வரி என்றதும் இந்த வேலையின் சங்கடமான பகுதி வருகிறது. இந்த எழுத்துகளில் இந்த மண்ணின் நிசெனான் மக்களையும் மற்ற பூர்வகுடிகளையும் இழிவாகக் குறிக்கும் சொல் சர்வ சாதாரணமாக வரும். சீனர்கள், மெக்ஸிகோக்காரர்கள், சிலிக்காரர்கள் பற்றியும் அப்படித்தான். ஷர்லி நல்ல மனசுக்காரர், ஆனால் பூர்வகுடிப் பெண்களை வருணிக்கும் இடத்தில் அவர் கையிலும் அழுக்கு இருக்கிறது. நைசாக மாற்றிப் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அது அந்தக் காலத்துக்கு வெள்ளையடிப்பது. எல்லாவற்றையும் அப்படியே வாசிப்பதும் சரியில்லை: சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் நிசெனான் பாட்டி ஒருவர் என் குரலில் அதைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன? நான் வைத்திருக்கும் வழி இது. அந்தச் சொல் சும்மா பழக்கத்தில் வந்து விழுந்திருந்தால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுவேன். அந்த வெறுப்பே அங்கே நடக்கும் விஷயமாக இருந்தால் எடுக்க மாட்டேன். 1852-இல் ரிச் பாரில் கூட்டம் போட்டு, வெளிநாட்டவர் யாரும் இங்கே தோண்டக் கூடாது என்று தீர்மானம் போட்டதையும், ஸ்பானிய மொழிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியன் பாருக்கு வந்ததையும், அதன் பின் நடந்த சண்டைகளையும் ஷர்லி எழுதியிருக்கிறார். அதில் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. முன்னாலேயே சொல்லிவிட்டு வாசித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் வாசிக்கிறான் என்பது அன்றைக்குத் தானாகவே ஒரு கனம் சேர்த்தது, நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

உச்சரிப்புக்கு வருவோம். என் ஆங்கிலம் யாரையும் உறுத்தவில்லை. ஊர்ப் பெயர்கள்தான் ஆளைக் கொல்லும். எழுத்தைப் பார்த்தால் 'டுவோலும்னே' என்று படிக்கத் தோன்றும் ஆறு 'டுவாலமி'. 'மொக்கெலும்னே' போல எழுதியிருக்கும் ஆறு 'மக்காலமி'. பக்கத்து மாவட்டம் 'ப்ளேஸர்' இல்லை, 'ப்ளாஸர்'. நெவாடாவை நாம் வாயைத் திறந்து 'வா' என்று நீட்டினால் வெளியூர் ஆள் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும், இங்கே அது 'நெவேடா'வுக்குப் பக்கத்தில் ஒலிக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் பெயர்ப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் நிலையத்தில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லச் சொல்லி, போனில் பதிந்துகொள்கிறேன். அகராதியை விட இது மேல், ஏனென்றால் புகார் சொல்லிப் போன் பண்ணப்போவதும் இவர்களைப் போன்றவர்கள்தான்.

பாத்திரங்களுக்குக் குரல் மாற்றுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். மிஸ்ஸௌரி இழுவையை நான் முயன்றால் அது கேலிக்கூத்து. கிராஸ் வேலிச் சுரங்கங்களுக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் பேச்சு இன்னும் சிரமம். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த அவர்களுடைய பேஸ்டி இன்றும் கடையில் கிடைக்கிறது. சுரங்கச் சுவருக்குள் தட்டித் தட்டி இடிவிபத்தை முன்கூட்டிச் சொல்லும் குள்ளப் பேய்களின் கதைகள் அவர்கள் கொண்டுவந்தவை. நம்மவர்களுக்கு ஒரு தகவல்: 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் இறங்கியபோது மேற்பார்வைக்கு வந்தவர்களில் பலர் இதே கார்ன்வால்காரர்கள், கீழே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். இந்தப் பேய்க்கதைகளை வாசித்த இரவில் அதையும் சொன்னேன்.

குரலை மாற்றாமல் இரண்டு பேர் பேசுவதை எப்படிக் காட்டுவது? தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஒருவர் பேசும்போது மைக்குக்கு நேராக, மற்றவர் பேசும்போது ஒரு சாண் பின்னால் தள்ளி, சற்று ஓரமாக. வேகத்தில் சின்ன வித்தியாசம். கேட்பவரின் காது மீதியைத் தானே செய்துகொள்ளும்.

மைக் விஷயம் சுருக்கமாக. விலை உயர்ந்த கண்டென்ஸர் மைக் வேண்டாம், அது பக்கத்து அறையில் பூனை நடப்பதையும் பிடிக்கும். மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக்கே போதும். வாயிலிருந்து ஒரு முஷ்டி தூரம், வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் 'ப', 'ட' வெடிக்காது. இடம்: துணி அலமாரி. தொங்கும் கோட்டுகளைவிட நல்ல ஒலித்தடுப்பு காசு கொடுத்தாலும் சீக்கிரம் கிடைக்காது. வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது கார் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அதைத் திரும்பப் போட மறந்து மறுநாள் பால் கெடும். சினிமா ஒலிப்பதிவுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இது. தாள்களைப் புரட்டக் கூடாது, ஒரு துண்டின் மேல் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். வாய் ஒட்டிச் 'சப்' என்று சத்தம் வந்தால் புளிப்புப் பச்சை ஆப்பிள் ஒரு கடி.

தடுக்கினால் நிறுத்த வேண்டாம். நாய்ப் பயிற்சிக்கு விற்கும் சின்ன கிளிக்கர் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒரு தட்டு, ஒரு மூச்சு, வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி. எடிட் செய்யும்போது அலைவடிவத்தில் அந்தத் தட்டு ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும், தேட வேண்டியதே இல்லை. கடைசியில் ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் அறையின் அமைதியையும் பதிந்துகொள்ள வேண்டும். வெட்டிய இடங்களில் அதைத்தான் ஒட்டுவேன். வெறும் மௌனத்தை ஒட்டினால் தரையில் ஓட்டை விழுந்த மாதிரி காது திடுக்கிடும். மூச்சுச் சத்தங்களை முழுக்க அழிப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கிற நமக்கு மூச்சுத் திணறும். ஆறேழு டெசிபெல் குறைத்தால் போதும்.

எஃப்எம்மில் ஒரு வினோதம் உண்டு, இதைப் பாட்காஸ்ட் செய்கிறவர்கள் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். இரைச்சலைக் குறைப்பதற்காக எஃப்எம் ஒலிபரப்பில் உயர் அதிர்வெண்களை வேண்டுமென்றே தூக்கி அனுப்புவார்கள், ரேடியோப் பெட்டி அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். வட அமெரிக்காவில் இந்தத் தூக்கலின் அளவு 75 மைக்ரோநொடி, ஐரோப்பாவில் 50. அதாவது இங்கே 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 17 டெசிபெல் ஏற்றம். உங்கள் 'ஸ' கொஞ்சம் கூர்மையாக இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறி, நிலையத்தில் ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் முட்டி, காரில் கேட்கும்போது எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரியும். 'மிஸ்ஸௌரி', 'மிஸ்ஸிஸிப்பி' என்று வரும் பக்கங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டு ஹெட்போனில் எல்லாம் சுத்தமாகவே கேட்கும். அதனால் ஐந்திலிருந்து எட்டு கிலோஹெர்ட்ஸ் வரை 'ஸ' ஒலியை மட்டும் அடக்கும் டி-எஸ்ஸரைச் சற்றுத் தாராளமாகவே போடுகிறேன். மற்றபடி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்க மூன்றுக்கு ஒன்று என்று மென்மையான கம்ப்ரஸர், மொத்த ஒலியளவு மைனஸ் 24 எல்யூஎஃப்எஸ், ஒற்றை சேனல் வேவ் கோப்பு. ஒலிபரப்பாகும்போது முதல் ஐந்து நிமிடம் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே புரியாத வாக்கியம் யாருக்கும் புரிந்திருக்காது.

பின்னணிச் சத்தம் வேண்டுமா என்பதில் எனக்கும் நிலைய அம்மையாருக்கும் நல்ல வாக்குவாதம். அந்தக் கால ரேடியோ நாடகங்களில் குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்கச்சியைத் தட்டினார்கள், அது நடிகர் பட்டாளமும் இசைக்குழுவும் இருந்த காலம். தனிக் குரலுக்கு நடுவில் திடீரென்று குதிரை ஓடினால் சிரிப்புத்தான் வரும் என்பது என் கட்சி. கடைசியில் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பத்து நொடி ஒரு சத்தம் என்று ஒப்புக்கொண்டோம். ஆற்றுச் சத்தம் என்று அவர் சொல்ல, தென் யூபா ஆற்றங்கரைக்கு ஒரு சின்ன ரெக்கார்டரோடு போனேன். நேரில் அவ்வளவு கம்பீரமாக ஓடுகிற ஆறு. எஃப்எம்மில் போட்டுப் பார்த்தால் நிலையம் அலைவரிசையை விட்டு நழுவிய இரைச்சல் மாதிரியே இருந்தது. சில்லென்று பரவும் நீர்ச் சத்தத்துக்கும் வெற்று இரைச்சலுக்கும் ரேடியோ பேதம் காட்டாது.

ஆகவே ஆற்றை விட்டுவிட்டுத் தட்டுக்குப் போனேன். தங்கம் அரிக்கும் தட்டு இப்போதெல்லாம் பச்சை பிளாஸ்டிக்கில் வருகிறது. அதில் கூழாங்கல்லைச் சுழற்றினால் மந்தமாக, குப்பைத்தொட்டி மாதிரி கேட்கும். பழைய பொருள் விற்கும் கடையில் துருப்பிடித்த இரும்புத் தட்டு ஒன்று கிடைத்தது. ரெக்கார்டரைத் தட்டுக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில், காற்றுத் தடுக்க ஒரு கம்பளிக் காலுறையைப் போட்டு, முக்காலியில் கட்டினேன். இரண்டு பிடி சரளை, பாதி தண்ணீர். முதல் சுழற்சியில் கனமான கற்கள் கரகரவென்று உருளும். தண்ணீரோடு மேல் மண்ணைச் சரித்துச் சரித்துக் கொட்டக் கொட்டச் சத்தம் மெலிந்து, கடைசியில் கருமணல் மட்டும் மிஞ்சும்போது இரும்பில் பட்டு 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய சரசரப்பு. பத்து நொடிக்குள் அந்த வரிசை முழுக்க அடங்கிவிட்டது. இப்போது நிகழ்ச்சியின் அடையாளமே அதுதான். தங்கம் ஏதாவது கிடைத்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை.

திட்டமிடாமல் வந்த சத்தம் ஒன்று உண்டு. தவளைக் கதையைப் பதிந்தது மழைக்காலத்து இரவு. அலமாரிக்குள் கோட்டுகளையும் தாண்டி, வெளியே மரத்தவளைகள் கச்சேரி. எடுக்க முடியவில்லை, எடுக்க மனமும் வரவில்லை. ஒலிபரப்பான மறுநாள் ஒரு நேயர் போன் செய்து பாராட்டினார், பிறகு மெதுவாக, "ஆனால் நீங்கள் போட்ட தவளை தப்பான தவளை" என்றார். ட்வைன் கதையில் வருவது கலிபோர்னியாவின் செங்கால் தவளையாகத்தான் இருக்கும் என்று இங்கே பொதுவாகச் சொல்வார்கள். 2014-இல் மாநிலத்தின் அதிகாரபூர்வ நீர்நில வாழ்வியாக அறிவிக்கப்பட்டதும் அதுதான். நூறு வாட்டுக்கு இப்படிப்பட்ட நேயர்கள் கிடைப்பது சாதாரண விஷயமா?

ஷர்லியின் கடிதங்கள் முடிந்தாயிற்று. கடைசிக் கடிதத்தில், இந்தக் காட்டு வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது, வருத்தத்தோடுதான் போகிறேன் என்று எழுதுகிறார். அதற்குப் பின் என்ன வாசித்தாலும் சப்பென்று இருக்கும் என்பதால் இடத்தையும் காலத்தையும் ஒரேயடியாக மாற்றி, வடக்கே, கனடாவின் க்ளோண்டைக்குக்குப் போகிறோம். அங்கே தங்கம் கண்டது 1896 ஆகஸ்டில். மறு வருடம் அங்கே போன ஜாக் லண்டன், தங்கத்தைவிட ஸ்கர்வி நோயைத்தான் அதிகம் சம்பாதித்துக்கொண்டு 1898-இல் திரும்பினார். பனியில் தனியாக நடந்துபோகிறவன் தீ மூட்டப் பாடுபடும் அவருடைய கதையின் 1908 வடிவத்தை எடுத்திருக்கிறேன். மைனஸ் 75 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 59. மனிதன் ஒருவன், நாய் ஒன்று, பேச்சே கிடையாது. வாக்கியங்கள் குட்டை குட்டையாக இருப்பதால் பென்சில் வேலை குறைவு. ஆனால் கதை ஏழாயிரம் சொல்லைத் தொடுகிறது, இரண்டு வாரமாகப் பிரித்தாக வேண்டும், எங்கே வெட்டுவது என்பதுதான் இப்போது மேஜையில் இருக்கும் பிரச்சினை.

பனிப்பாளம் உடைந்து அவன் கால் நனையும் இடத்தில் நிறுத்தலாம் என்பது நிலைய அம்மையாரின் யோசனை. பழைய தொடர்நாடகங்களில் அப்படித்தான் நிறுத்துவார்கள். எனக்கு அதைவிடக் கொஞ்சம் தள்ளிப் போகத் தோன்றுகிறது. ஸ்ப்ரூஸ் மரத்தடியில் அவன் மூட்டிய தீ நன்றாகப் பிடித்துவிட்டது. இந்தக் குளிரில் தனியாகப் போகாதே என்று எச்சரித்த கிழவரை நினைத்துச் சிரித்துக்கொள்கிறான். மேலே கிளைகளில் பனி கனத்துக் கிடக்கிறது, அதை அவன் கவனிக்கவில்லை. முதல் வாரத்தை அவன் சிரிப்பில் முடித்துவிட்டு, நேராகத் தட்டுச் சத்தத்துக்குப் போய்விடலாம். நேரமும் சரியாக வருகிறது: இருபத்தேழு நிமிடம் சொச்சம்.